கௌரவக் குடிமகன்

ஸ்டாரா ரூடா நகரசபை நெதிம் ஹுகிச்சுக்குக் கௌரவக் குடிமகன் பட்டம் கொடுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தபோது, அவனுடைய அப்பா ரமிஸ் அதே ஊரில் சட்டப்படி இல்லாத மனிதராகப் பதினேழு வருஷத்தை ஓட்டி முடித்திருந்தார்.

கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்து வாங்கிய தபால்காரி வாசலிலேயே நெதிமின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். ஊரில் விஷயம் முன்பே கசிந்திருந்தது. சமையலறை மேசையில் அம்மா செனியா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள். தங்க எழுத்து, முத்திரை, ஜூன் மாதம் சதுக்கத்தில் விழா, தலைநகரத்திலிருந்து அமைச்சர். ரமிஸ் காப்பியை உறிஞ்சியபடி முழுதும் கேட்டார்.

"கௌரவக் குடிமகனா?" என்றார். "நல்லது. போறப்போ, கௌரவம் இல்லாத சாதாரணக் குடிமகன் சீட்டு ஏதாவது மிச்சம் இருக்கான்னு கேட்டுப் பாரு. எனக்கு அது போதும்."

செனியா சிரித்துவிட்டாள். நெதிமுக்குச் சிரிப்பு வரவில்லை.

ரமிஸ் அந்த ஊருக்கு வந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. பொஸ்னியாவில் சான்ஸ்கி மோஸ்த் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரயிலேறி, மலையடிவாரத்து இரும்பாலையில் தகடு உருட்டும் பிரிவில் சேர்ந்தார். அப்போது பொஸ்னியாவும் ஸ்லோவேனியாவும் ஒரே நாடு. வேலைக்கு ஆள் கிடைக்காமல் ஆலைக்காரர்களே ஊர் ஊராகப் போய்க் கூட்டிக்கொண்டு வந்த காலம். பத்தொன்பது வருஷம் உருளைகளுக்கு முன்னால் நின்றார். பிறகு நாடு உடைந்தது. இந்த ஊர் இருந்த ஸ்லோவேனியா தனி நாடானது. அது நடந்து எட்டு மாதம் கழித்து, எல்லா ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வரும்படி ஒரு சீட்டு வந்தது. புது அட்டை கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து, ரமிஸ் எட்டு வயதான நெதிமையும் கூட்டிக்கொண்டு போனார்.

கவுன்டரில் இருந்தவள் ஸ்லாவ்கா. அவள் கணவன் ரமிஸோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவன். அவள் அடையாள அட்டையையும் பாஸ்போர்ட்டையும் வாங்கினாள். பட்டியலில் ஒரு பெயரை அடித்தாள். பிறகு காகிதத்தில் துளை போடுகிற கருவியை எடுத்து இரண்டிலும் ஓட்டை போட்டாள். இனி இவை செல்லாது என்றாள். கவுன்டர் பலகை மேல் விழுந்த சின்ன வட்டத் துண்டுகளை வாயால் ஊதித் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நெதிமின் கண்ணுக்கு நேர் உயரத்தில் இருந்தது அந்தப் பலகை. அவள் நகத்தில் பூசியிருந்த சிவப்பு முதற்கொண்டு அவனுக்கு மறக்கவில்லை.

பழைய நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து வந்து, புது நாட்டின் குடியுரிமை பெறாதவர்களின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்தே அழித்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. காகிதம் இல்லாதவனுக்கு ஆலையில் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு மருத்துவ அட்டை இல்லை. ஏப்ரல் மாதம் பேருந்து நிறுத்தத்தில் நின்றவரைப் போலீஸ்காரர்கள் இருவர் காரில் ஏற்றி, குரோவேஷிய எல்லையில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் பொஸ்னியாவில் போர் தொடங்கியிருந்தது. குரோவேஷியாவிலேயே ஆலை நண்பனின் அக்கா வீட்டுக் கொட்டகையில் நாலு மாதம் இருந்துவிட்டு, ஆகஸ்டில் காட்டு வழியாக நடந்தே வீடு வந்து சேர்ந்தார். செனியா கதவைத் திறந்தபோது அவர் காலில் இருந்த இரண்டு செருப்பும் இரண்டு வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்தவை.

அதற்குப் பிறகு அவர் ஒளிந்து வாழ்ந்தார் என்று சொல்ல முடியாது. ஊர் முழுக்க அவரை அறியும். ஆனால் போலீஸ் காரைக் கண்டால் எதிர்ச் சாரிக்கு மாறுவார். யார் வீட்டிலாவது சுவர் பூசுவார், விறகு பிளப்பார். செனியா ஐஸ் ஹாக்கி அரங்கைக் கூட்டித் துடைக்கும் வேலையைப் பிடித்தாள். அவள் பெயரும் அதே பட்டியலில் இருந்ததால் அதுவும் கணக்கில் வராத வேலைதான். அவள் படிக்கட்டுகளைத் துடைக்கும் நேரத்தில் நெதிம் பனித்தளத்தில் இறங்கினான்.

ஸ்டாரா ரூடாவில் பையனாகப் பிறந்தால் ஹாக்கி மட்டை பிடித்தே ஆக வேண்டும். இளையோர் அணிக்குப் பயிற்சி கொடுத்த ஸ்தானே, பகலில் உலையடியில் நிற்கிற தொழிலாளி. காகிதம் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்தப் பையனிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, பின்னோக்கிச் சறுக்கத் தெரியுமா என்பதுதான் என்று பின்னாளில் சொல்வார். பதினாலு வயதில் நெதிம் முன்னோக்கிப் போகிற மற்றவர்களைவிடப் பின்னோக்கி வேகமாகப் போனான். தெற்கேயிருந்து வந்த பொஸ்னியக் குடும்பம் என்பதால் பள்ளிக்கூடத்தில் அவனைத் 'தெற்கத்தியான்' என்று கூப்பிட்டவர்கள் பனித்தளத்தில் அவன் தங்கள் அணியிலேயே ஆட வேண்டும் என்று அடித்துக்கொண்டார்கள்.

பதினாறு வயதில் நாட்டின் இளையோர் அணிக்குத் தேர்வானான். போட்டி லாட்வியாவில். பாஸ்போர்ட் கொண்டு வா என்றார்கள். அப்போதுதான் மேலிடத்துக்கே தெரிந்தது, அவனுக்குப் பாஸ்போர்ட் மட்டுமல்ல, இந்த நாட்டில் இருப்பதற்கே சீட்டு இல்லை என்று. அவன் இல்லாமல் போன அணி ஐந்து ஆட்டத்திலும் தோற்றுத் திரும்பியது. உடனே கடிதங்கள் பறந்தன. தேசிய நலன் கருதிச் சிறப்புக் குடியுரிமை என்று சட்டத்தில் ஒரு வாசல் உண்டாம். நாற்பத்தோரே நாளில் அந்த வாசல் திறந்தது. அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார். அடுத்தது அப்பாவின் முறை என்று நெதிம் நம்பினான், பதினாறு வயது.

அதே வருஷம் புதுச் சட்டம் ஒன்று வந்து, தொடர்ச்சியாக நாட்டில் வசித்தவர்கள் மனுப் போடலாம் என்றது. செனியாவுக்குக் கிடைத்தது. ரமிஸுக்கு வந்த பதிலில் இப்படி இருந்தது: மனுதாரர் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நாட்டில் இல்லை, எனவே வசிப்பில் தொடர்ச்சி இல்லை, எனவே நிராகரிக்கப்படுகிறது.

"கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளினதும் அவங்கதான்," என்றார் ரமிஸ். "ஏன்டா வெளிய போனேன்னு கேக்குறதும் அவங்கதான்."

மூன்று முறை மனுப் போட்டார். மூன்று முறையும் அதே ஏப்ரல், அதே ஆகஸ்ட்.

நெதிம் வளர்ந்தான். பத்தொன்பதாவது வயதில் தலைநகரத்து அணியை அவர்கள் அரங்கிலேயே தோற்கடித்து ஊருக்குக் கோப்பை கொண்டுவந்தான். பிறகு ஆஸ்திரியாவில் இரண்டு வருஷம், அங்கிருந்து ஸ்வீடன். தேசிய அணிக்குத் தலைவனானான். நகரசபைக் கடிதம் வந்த வருஷம் ஏப்ரலில் நடந்த உலகப் போட்டியின் கடைசி ஆட்டத்தில், சமநிலையில் இருந்தபோது, இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி பாக்கி. தன் கோலுக்குப் பின்னாலிருந்து பக் என்கிற ரப்பர் வட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மூன்று பேரைத் தாண்டி, நாலாவது ஆள் மட்டையால் காலை வாரி விழுத்தாட்டியபோது, விழுந்துகொண்டே அடித்தான். வலைக்குள் போனது. இருபது லட்சம் பேர் உள்ள குட்டி நாடு மேல்பிரிவுக்கு ஏறியது.

அதற்குப் பிறகு அவன் முகம் இல்லாத இடம் இல்லை. பால் டப்பாவில் அவன். பேருந்தின் முதுகில் அவன். பேக்கரியில் காசு வாங்க மறுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்தொன்பதாம் எண் ஜெர்சியோடு தூங்கினார்களாம். 'நம்ம பையன்' என்று முதுகில் தட்டியவர்களில் பாதிப் பேர் ஒருகாலத்தில் அவனைத் தெற்கத்தியான் என்று விரட்டியவர்கள். அவர்களுக்கு அது ஞாபகமே இல்லை. அவர்களுக்கு ஞாபகம் இல்லை என்பதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

மகன் வெளிநாட்டில் ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூட ரமிஸ் நேரில் பார்த்ததில்லை. எல்லையைத் தாண்டினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பொஸ்னியாவில் அவரைப் பெற்றவள் செத்தபோதுகூடப் போகவில்லை. அன்றைக்கு அவர் பக்கத்து வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். செய்தி சொன்ன பிறகும் இறங்கி வராமல் மிச்ச ஓடுகளையும் மாற்றி முடித்தார் என்று செனியா சொல்வாள்.

கடிதம் வந்த மறுநாள் நெதிம் மேயரைப் பார்க்கப் போனான். மேயர் பொக்லுகார் நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். அவனை உட்காரவைத்து, தானே காப்பி ஊற்றினார். அவன் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். வருத்தமான விஷயம் என்றார், பல தடவை.

"ஆனா அது தலைநகரத்து விஷயம் நெதிம். என் கையில இல்ல. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"எனக்கு நாப்பத்தோரு நாள்ல குடுத்தாங்க சார்."

"அது தேசிய நலன்."

"எங்கப்பா பத்தொம்பது வருஷம் தகடு உருட்டினது யாரோட நலன்?"

மேயர் கரண்டியால் காப்பியைக் கலக்கினார். அமைச்சர் வரும்போது காதில் போட்டுவைப்பதாகச் சொன்னார். விழா நல்லபடியாக நடக்கட்டும், அது முக்கியம் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "அப்பாவை முதல் வரிசையில உக்கார வைக்கிறோம். அது என் பொறுப்பு," என்றார்.

"முதல் வரிசைக்கு அடையாள அட்டை கேக்க மாட்டீங்களே?" என்று கேட்டுவிட்டு நெதிம் படியிறங்கினான்.

அந்த வார சனிக்கிழமை, அரங்கின் முன்கூடத்தில் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுகிற நிகழ்ச்சி. வரிசை வெளியே பாலம்வரை நீண்டிருந்தது. இரண்டு மணி நேரம் தலை நிமிராமல் போட்டுக்கொண்டே இருந்தவன் முன்னால் ஒரு ஜெர்சி வந்து விரிந்தது. அதைப் பிடித்திருந்த விரல்களில் சிவப்பு நகப்பூச்சு. நிமிர்ந்தான். ஸ்லாவ்கா. முடி வெளுத்திருந்தது. மற்றபடி அவளேதான்.

பேத்தியின் பெயரைச் சொல்லி, அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். "என்னைத் தெரியாது உங்களுக்கு. உங்கப்பாவும் என் வீட்டுக்காரரும் ஒரே ஷிஃப்ட். எங்க வீட்டுல உங்க ஆட்டம் ஒண்ணு விடாமப் பாப்போம் தம்பி."

"தெரியும்," என்றான் நெதிம். "எங்கப்பாவோட அட்டையில நீங்கதான் ஓட்டை போட்டீங்க."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஸ்லாவ்காவின் கழுத்தில் சிவப்பு ஏறியது.

"நான் என்ன தம்பி செய்வேன். மேலேருந்து பட்டியல் வந்துச்சு. உங்கப்பாவுக்கு மட்டுமா போட்டேன்? அன்னைக்கு மட்டும் அறுபத்து மூணு பேருக்குப் போட்டேன்."

பதினேழு வருஷம் கழித்தும் எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் சொன்னதே அவளுக்கு உறைத்தது போல, பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். ஜெர்சியைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

நெதிம் கையெழுத்துப் போட்டான். பேத்தியின் பெயரையும் எழுதினான். அவள் நன்றி சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனாள். ஏன் போட்டோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. வரிசை நீளம், எல்லோரும் பார்க்கிறார்கள், பேத்தி என்ன பாவம் செய்தாள். சொல்லிக்கொள்ள ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அவள்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் தன்மேலேயே வந்தது. எல்லோருக்கும் பிடித்தவனாக இருந்து இருந்து, தன் கைக்கு மறுக்கவே தெரியாமல் போய்விட்டது என்று நினைத்தான்.

விழா நாளில் வெயில் நன்றாக அடித்தது. சதுக்கம் நிரம்பி, ஜன்னல்களிலும் ஆட்கள். ஆலையின் பித்தளை வாத்தியக் குழு நீலச் சீருடையில் வந்திருந்தது. ரமிஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முதல் வரிசையில் அவருக்குப் பெயர் எழுதி ஒட்டியிருந்த நாற்காலியில் உட்காராமல், பின்னால் வெகு தூரத்தில், செஸ்ட்நட் மரத்தடியில் நின்றுகொண்டார். செனியா மட்டும் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் அந்த நாற்காலி காலியாக இருந்தது.

அமைச்சர் சிறிய நாட்டின் பெரிய இதயம் பற்றிப் பேசினார். மேயர் பட்டயத்தைப் படித்தார். இந்த ஊர் இரும்பில் வார்த்தெடுத்த மண்ணின் மைந்தன் என்று அதில் எழுதியிருந்தது. கைதட்டல் அடங்க ஒரு நிமிஷத்துக்கு மேலாயிற்று. கண்ணாடிச் சட்டம் போட்ட பட்டயத்தை நெதிமின் கையில் கொடுத்தார்கள். நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கையும் நீட்டினார்கள்.

நெதிமுக்கு மேடைப் பேச்சு வராது. எழுதிக்கொண்டும் வரவில்லை.

"மன்னிக்கணும், இதை என்னால வாங்கிக்க முடியாது," என்றான். "எங்க வீட்டுல ஒருத்தன் கௌரவக் குடிமகன். இன்னொருத்தர் ஆளே இல்லைன்னு இந்த நாடு சொல்லுது. ஒரே மேசையில உக்காந்துதான் ரெண்டு பேரும் சாப்பிடுறோம். அவர் பேரு ரமிஸ் ஹுகிச். உங்கள்ல பாதிப் பேரு அவரோட ஷிஃப்ட் பார்த்திருக்கீங்க. நான் ஒரு கோல் அடிச்சேன்னு எனக்குக் குடுக்குறீங்க. அவரு அடிக்கல, அதனால அவருக்கு இல்ல. அப்படின்னா இது குடியுரிமை இல்ல, பரிசு. எனக்குப் பரிசு போதும்போதும்னு ஆயிடுச்சு."

பட்டயத்தை மேசைமேல் கவனமாக, கண்ணாடி உடையாமல் வைத்தான்.

எங்கோ மூலையில் ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள். ஸ்தானேயின் தடித்த கைகள் அவற்றில் ஒரு ஜோடி. பிறகு ஒரு விசில் கிளம்பியது. அதைத் தொடர்ந்து பல. "அப்போ உன் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் குடுத்துட்டுப் போடா," என்று ஒரு குரல் கேட்டது. என்ன செய்வதென்று தெரியாத வாத்தியக் குழுத் தலைவர் கையை உயர்த்த, முப்பது பேரும் உற்சாகமான ஓர் அணிவகுப்பு இசையை வாசிக்கத் தொடங்கினார்கள். அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மரத்தடியில் ரமிஸ் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் சமையலறையில், சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா பெருமைப்படாவிட்டாலும் ஒரு வார்த்தையாவது ஆறுதலாகச் சொல்வார் என்று எதிர்பார்த்து வந்தவனுக்குக் கிடைத்தது வேறு.

"என்னைக் கேட்டியா?" என்றார் ரமிஸ். குரல் உயரவில்லை. "பதினேழு வருஷம் யார் கண்ணையும் உறுத்தாம நடந்திருக்கேன். இன்னிக்கு என் பேரை மைக்ல சொல்லிட்ட. அவங்க என் பேரை எடுத்துக்கிட்டப்பவும் என்னைக் கேக்கல. நீ திருப்பிக் குடுக்கறப்பவும் கேக்கல."

செனியா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அவன் சொன்னது நியாயம்தான், தான் மேடையேறியிருந்தால் இன்னும் நாலு பேரைச் சேர்த்துச் சொல்லியிருப்பேன் என்றாள். இரண்டு வாரம் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. நெதிம் ஸ்வீடனுக்குக் கிளம்பிய அன்று ரமிஸ் பெட்டியைக் கார்வரை தூக்கி வந்து வைத்தார். சமாதானம் அவ்வளவுதான்.

ஊரின் கோபம் அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை. பால் டப்பாவில் அவன் முகம் இருந்த இடத்தில் ஒரு பசுமாடு வந்தது. நன்றி கெட்டவன் என்று ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. அவன் அப்பாவைப் பற்றி எழுத அதற்கு உள்பக்கத்தில்கூட இடம் கிடைக்கவில்லை. பேக்கரிக்காரர் காசு வாங்க ஆரம்பித்தார். அதில் நெதிமுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

நவம்பரில் தேசிய அணி ஸ்டாரா ரூடா அரங்கில் ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. அவன் மட்டையில் பக் பட்டபோதெல்லாம் விசில். அவன் ஆடி வளர்ந்த அரங்கம். அம்மா துடைத்த படிக்கட்டுகள். ரமிஸோடு வேலை பார்த்த பழைய ஆட்கள் பதினோரு பேர், ஸ்தானேயோடு சேர்ந்து, நீல வேலைச் சட்டையில் கோலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் பகுதி முடிவதற்குள் பக்கத்து வரிசைக்காரர்களோடு வாய்ச் சண்டை முற்றியது. எழுபத்தொரு வயது ஸ்தானேயின் மூக்குக் கண்ணாடி உடைந்ததோடுதான் அது முடிந்தது. எதிராளிக்கு என்ன உடைந்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

நெதிம் இரண்டு கோல் போட்டான். முதலாவதற்கு அரங்கம் குழம்பி, பாதி எழுந்து பாதி உட்கார்ந்தது. இரண்டாவதற்கு எல்லோரும் எழுந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் விசிலடித்த அதே வாய்கள். மற்றவர்கள் வந்து கட்டிக்கொண்டபோது அவன் மட்டையை உயர்த்தவில்லை. விசிலைத் தாங்கிக்கொள்ள முடிந்தவனுக்கு அந்த ஆரவாரத்தைத் தாங்க முடியவில்லை. கோல் போட்டால் நம்ம பையன், வாயைத் திறந்தால் தெற்கத்தியான். உடைமாற்றும் அறையில் ஹெல்மெட்டைச் சுவரில் அடித்தான். அது உடையவில்லை, சுவரில் ஒரு பள்ளம் விழுந்தது.

அடுத்த கோடையில் புதுச் சட்டம் வந்தது. அவனால் வந்ததல்ல. அவனுக்குப் பெயர் தெரியாத எத்தனையோ பேர் பல வருஷம் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கிப் பெற்றது. வெளியேற்றப்பட்ட காலத்தை வசிப்பின் முறிவாகக் கணக்கிடக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. ரமிஸ் நாலாவது முறையாக மனுப் போட்டார். எட்டு மாதம் கழித்து நிரந்தரக் குடியிருப்பு அட்டை வந்தது. கவுன்டரில் இருந்த இளைஞன், நீங்கள் நெதிமின் அப்பாதானே என்று கேட்டானாம். ரமிஸ், தகடு உருட்டும் பிரிவு, இரண்டாம் ஷிஃப்ட் என்று பதில் சொன்னாராம்.

மே மாதத்தில் ஒரு நாள் காலையில் மூவரும் காரில் கிளம்பினார்கள், ரமிஸின் அம்மாவைப் புதைத்த இடத்தைப் பார்க்க. நெதிம் ஓட்டினான். செனியா பின்னிருக்கையில், மடியில், வழியில் சாப்பிட இறைச்சி அடைத்த பூரெக் ரொட்டிப் பொட்டலம். முன்னிருக்கையில் ரமிஸ், பெட்ரோல் போட நிறுத்திய இடத்திலிருந்தே அட்டையையும் புதிதாக வாங்கிய பொஸ்னியப் பாஸ்போர்ட்டையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லை நெருங்க நெருங்க அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

சோதனைச் சாவடியில் இருந்தவன் சின்ன வயதுப் போலீஸ்காரன். குனிந்து பார்த்ததும் முகம் மலர்ந்தான். கேப்டன், அந்தக் கோலை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்றான். ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டான். பிறகு, எதையும் பார்க்காமலே, போகலாம் என்று கையை வீசினான். நெதிம் கியரைப் போடப் போனான். ரமிஸ் கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

"தம்பி, என் காகிதத்தைப் பாரு."

"தேவையில்லங்க. நெதிமோட அப்பான்னா அதுவே போதும்."

"அது போதாது," என்றார் ரமிஸ். "பத்தொம்பது வருஷம் காகிதம் எங்க, காகிதம் எங்கன்னு கேட்டீங்க. இப்போ கொண்டு வந்திருக்கேன். பாரு."

போலீஸ்காரன் சிரித்துக்கொண்டே நெதிமைப் பார்த்தான், ஏதாவது சொல்லித் தீர்த்துவைப்பான் என்று. நெதிம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. செனியா திரும்பி அவர்களைப் பார்த்து, என்ன அவசரம் என்பதுபோல் முறைத்தாள்.

போலீஸ்காரனின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. அட்டையை வாங்கினான். பெயரைப் படித்தான். பிறந்த தேதியைப் படித்தான். முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பாஸ்போர்ட்டைக் கருவியில் வைத்துக் காத்திருந்து, திரையைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு இரண்டையும் சேர்த்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

"எல்லாம் சரியா இருக்குங்க, ஐயா."

"ஞாயித்துக்கிழமை திரும்பி வருவோம். அப்பவும் பாப்பீங்களா?"

"யாரு டியூட்டியோ தெரியலங்க."

"யாரா இருந்தாலும் சொல்லி வை."

அவர் ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். கார் நகர்ந்து குரோவேஷியப் பக்கத்துச் சாலையில் ஏறியது. பின்னால் வந்தவர்கள் இன்னும் ஹார்னை விடவில்லை. ரமிஸ் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, அவசரமுள்ளவர்கள் முந்திப் போகலாம் என்று சைகை காட்டினார்.